அலையில் திரும்புவது

'தண்ணீருக்குச் சாதி கிடையாது' என்று மேடைகளில் நானும் பேசியிருக்கிறேன். கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். சென்ற ஆடியில் வீராணம் ஏரிக்குள் அலையில் மாட்டித் தண்ணீர் குடித்த பிறகு அந்த வாக்கியத்தை அப்படியே சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாங்கள் நான்கு பேர். கூட்டம் ஒன்றிற்காகக் காட்டுமன்னார்கோயில் பக்கம் போயிருந்தோம். கூட்டம் முடிந்த மத்தியானம், ஏரியோரத்துச் சேரியில் பிறந்து வளர்ந்த தோழர் ஒருவர் 'வாங்க, குளிச்சிட்டு வரலாம்' என்று கூட்டிப் போனார். கீழணையிலிருந்து வடவாறு வழியாக வந்த தண்ணீர் ஏரியில் நிறைந்து கிடந்தது. மேற்கிலிருந்து ஆடிக்காற்று. ஏரியின் பெரிய கரை, சுமார் 16 கிலோமீட்டர், கிழக்கே இருக்கிறது. அதனால் அலையெல்லாம் கரையைப் பார்த்தே வரும். உள்ளே போகிறவன் காற்றை எதிர்த்துத்தான் போக வேண்டும்.

ஏரி அலை உயரமில்லை. ஆனால் மூச்சுவிட இடைவெளி தராது. அடுத்தடுத்து வந்து மூஞ்சியில் அறையும். 'அலைக்கு மூஞ்சியக் குடுக்காத தோழர், தலைய அந்தாண்ட திருப்பி மூச்செடு' என்று ஏரிக்காரத் தோழர் கத்தினார். இருநூறு அடி போயிருப்போம். கல்லூரியில் படிக்கும் தம்பி பின்தங்கிவிட்டான். 'அண்ணே, கை வரல' என்றான். எனக்கும் தோள் செத்துப்போயிருந்தது. 'திரும்பிடலாம்' என்றேன். எங்களில் மூத்தவர் தண்ணீருக்குள் இருந்தே சீறினார்: 'எத்தினி காலம் கரையிலயே நின்னோம்! இன்னைக்குமா திரும்பணும்?'

அந்தக் கேள்விக்குத்தான் இங்கே பதில் தேடுகிறேன். நமக்கு மறுக்கப்பட்ட ஒன்றிலிருந்து நாமே திரும்பி வந்தால் அது தோல்வியா?

மூத்தவரின் கோபம் எனக்குப் புரியாததல்ல. எங்கள் ஊர்க் குளத்தில் ஊர்க்காரர்களின் மாடு இறங்கும், எருமை கிடக்கும். நாங்கள் இறங்கக் கூடாது. இதை யாரும் எங்களுக்குச் சட்டமாகச் சொல்லவில்லை. என் ஆயா வேறு மாதிரி சொன்னாள்: 'கொளத்துப் பக்கம் போவாதடா, தண்ணியில முனி கீது, கால இழுத்துடும்.' பதினைந்து வயதில்தான் எனக்கு அந்த முனி யாரென்று தெரிந்தது. குளத்தில் இறங்கிய எங்கள் தெருப் பையன் ஒருவனை வேப்பமரத்தில் கட்டி வைத்து அடித்தார்கள். ஆயா பொய் சொல்லவில்லை. ஊர் மேல் இருந்த பயத்தைத் தண்ணீர் மேல் இருக்கிற பயமாக மாற்றி எனக்குக் கொடுத்தாள். பேரன் உயிரோடிருக்க அவளுக்குத் தெரிந்த வழி அது.

அதன் விலை என்ன? நான் நீச்சல் கற்றபோது எனக்கு இருபத்தாறு வயது. தோழர் ஒருவரின் கிணற்றில், இடுப்பில் காலி பிளாஸ்டிக் கேனைக் கட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்கக் கற்றேன். அலை யாரிடமும் சாதி கேட்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் யார் சின்ன வயதிலேயே நீந்தக் கற்றான், யார் கரையிலேயே நின்றான் என்பதைச் சாதி முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. அலை அதற்குப் பிறகுதான் வருகிறது.

மகாடு போராட்டத்தைப் படித்தவர்களுக்கு இது தெரியும். 1924இலேயே மகாடு நகராட்சி சவ்தார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிடத் தீர்மானம் போட்டது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது, குளத்தில் நம் கை படவில்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்து போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். இதை நாம் அடிக்கடி பேசுகிறோம். அதே ஆண்டு டிசம்பரில் நடந்ததைக் குறைவாகவே பேசுகிறோம். மீண்டும் குளத்திற்குப் போக மக்கள் திரண்டு வந்திருந்தார்கள். நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டிருந்தது. சிறைக்குப் போகவும் மக்கள் தயாராக இருந்தார்கள். அம்பேத்கர் பேசி, போராட்டத்தைத் தள்ளிவைக்கச் செய்தார். மனுஸ்மிருதியைக் கொளுத்திய அதே மாநாட்டில்தான் இந்த முடிவும் எடுக்கப்பட்டது. வழக்கில் 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்புச் சொன்னது. டிசம்பரில் குளத்தைத் தொடாமல் திரும்பியவர்களைக் கோழைகள் என்று யாராவது சொல்ல முடியுமா?

விரட்டப்பட்டவன் நிற்கிற கரையும் தானே முடிவெடுத்துத் திரும்பியவன் நிற்கிற கரையும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். இரண்டும் ஒன்றல்ல. முதலாமவனுக்கு முடிவெடுக்கும் உரிமையே இல்லை. இறங்குகிற உரிமைக்குள் திரும்புகிற உரிமையும் அடங்கியிருக்கிறது. பயப்படுகிற உரிமையும்தான். ஆதிக்கச் சாதிக்காரன் ஒருவன் அலைக்குப் பயந்து திரும்பினால் அது அவனுடைய பயம். நான் திரும்பினால் அது என் சாதியின் பயமாக ஏன் ஆக வேண்டும்? அன்றைக்கு எங்களைப் பார்க்கக் கரையில் ஒரு ஆள் கிடையாது. ஆனாலும் ஊரைக் கொண்டுபோய் நாங்களே அங்கே உட்கார வைத்திருந்தோம். அவர்கள் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு பையனின் உயிரைப் பணயம் வைக்க இருந்தோம்.

மூத்தவர் ஒரு நிமிடம் அங்கேயே கிடந்து மிதந்தார். பிறகு எதுவும் பேசாமல் திரும்பி வந்து தம்பிக்குப் பின்னால் சேர்ந்துகொண்டார். 'மல்லாந்துக்கடா, காத்தே தள்ளிக்கினு போவும்' என்றார். காற்று தள்ளியது. ஆனால் கரையோரக் கருங்கல்லில் அலை மோதுகிற இடம்தான் ஆபத்து. ஏரிக்காரத் தோழர் முதலில் ஏறி, ஒரு அலை விட்டு ஒரு அலை பார்த்து, துண்டை வீசி ஒவ்வொருவராக இழுத்தார். எனக்கு முழங்கால் கிழிந்தது. தம்பி ரொம்ப நேரம் இருமினான்.

நால்வரில் வேகமாக நீந்தத் தெரிந்தவர் அவன் வேகத்திற்கு வந்ததால்தான் நால்வரும் கரையேறினோம். நம் இயக்கங்களில் இதை எத்தனை முறை செய்திருக்கிறோம்? பின்தங்கியவனைக் கோழை என்று சொல்லி விட்டுவிட்டுப் போனதுதானே அதிகம்?

சாயங்காலம் டீக்கடையில் தம்பி கேட்டான்: 'அண்ணே, மறுபடியும் எப்ப வரலாம்?' 'காத்து அடங்கட்டும், புரட்டாசியில வா, நான் கத்துத் தரேன்' என்றார் மூத்தவர்.