மாயவரத்தில் கேட்ட கேள்வி

தலைவர் வருகிறார் என்றால் ஒரு சிறுநகரம் என்ன செய்யும்? சாலைப் பள்ளங்களில் ஜல்லி கொட்டும். சாக்கடை ஓரம் பிளீச்சிங் பவுடர் தூவும். அவர் போன பிறகு கல்வெட்டு வைக்கும். எந்த வீட்டில் தங்கினார், எந்த நாற்காலியில் உட்கார்ந்தார் என்று பேரன் பேத்திகளுக்குச் சொல்லும். நம்மைப் பார்த்து என்ன கேட்டுவிட்டுப் போனார் என்பதை மட்டும் சொல்லாது. ஏன்? நாற்காலிக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லையே!

1915 மே 1. தாயகம் திரும்பி நான்கு மாதம்கூட நிறையாத காந்தி, இன்று மயிலாடுதுறை என்று நாம் அழைக்கும் மாயவரத்துக்கு வந்தார். தென்னாப்பிரிக்காவில் அவரோடு சிறை சென்ற தமிழர்கள் பலரின் பூர்வீகம் தரங்கம்பாடி, தில்லையாடி வட்டாரம். சிறையில் நோயுற்று, வெளியே வந்ததும் இறந்துபோன பதினாறு வயது வள்ளியம்மையின் குடும்பத்துக்கும் தில்லையாடிதான் வேர். அந்த மண்ணைப் பார்க்க வந்தவருக்கு ஊர்ப் பெரியவர்கள் வரவேற்புப் பத்திரம் வாசித்தார்கள்.

ஆனால் அந்தப் பயணத்தில், தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பஞ்சமர்களும் அவருக்கு ஒரு பத்திரம் கொடுத்திருந்தார்கள். குடிக்கத் தண்ணீருக்கு வழியில்லை, நிலம் வாங்கவோ வைத்துக்கொள்ளவோ முடியவில்லை, நீதிமன்றத்தை அணுகுவதே கஷ்டம் என்பது அவர்கள் முறையீடு. அதை அப்படியே மாயவரத்து மேடையில் வைத்தார் காந்தி. இந்த நிலைக்கு யார் பொறுப்பு? இது இந்து மதத்தின் அங்கமா? அங்கம்தான் என்று நிரூபித்தால் அந்த மதத்துக்கு எதிராகவே கலகம் செய்வேன் என்றார். மாயவரத்துப் பிராமணர்கள் பறையரைச் சமமாகக் கருதுகிறார்களா என்று நேருக்கு நேர் கேட்டார். ‘நாங்கள் தயார், மற்றவர்கள்தான் பின்பற்ற மாட்டார்கள்’ என்று சொன்னால் நம்பமாட்டேன் என்றும் சேர்த்துச் சொன்னார்.

சொன்னவர் கடைசி நாள் வரை பிரார்த்தனையை விடாதவர். அவரே அன்று மதத்தைக் கூண்டில் ஏற்றி விசாரித்தார். கொடுமையைக் கொடுமை என்று அறிந்துகொள்ள அவருக்குச் சாஸ்திரத்தின் அனுமதி தேவைப்படவில்லை. தாகத்தோடு நின்ற மனிதர்களின் சாட்சியம் போதுமானதாக இருந்தது. கடவுளை நம்புகிறவரும் நம்பாதவரும் சேர்ந்து நிற்கக்கூடிய இடம் இது. பின்னாளில் வருணத்துக்கு அவர் சொன்ன சமாதானங்களைப் பெரியாரும் அம்பேத்கரும் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்கள் எதிர்த்தது சரி. ஆனால் அவருடைய பிற்காலத் தடுமாற்றத்தைக் காட்டி, நம்மிடம் அவர் கேட்ட கேள்வியிலிருந்து நாம் தப்பிக்க முடியுமா?

அந்த மூன்று முறையீடுகளும் என்ன ஆயின?

நிலம்: பட்டியல் சாதியினருக்கென்றே 1892 முதல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் பெருமளவில் இன்று பிறர் கையில் இருக்கின்றன. பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை காகிதத்தில் பத்திரமாக இருக்கிறது.

நீதிமன்றம்: மாயவரம் இருந்த அதே பழைய தஞ்சை மாவட்டத்தின் கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள். கூடுதல் நெல் கூலி கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் அவை. வழக்கு நீதிமன்றம் வரை போனது. குற்றம் சாட்டப்பட்ட, இத்தனை வசதி படைத்த மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்று சொல்லி, 1973இல் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. பணம் இருப்பதே குற்றமின்மைக்குச் சான்றா? எந்தத் தர்க்கம் இதை ஏற்கும்?

தண்ணீர்: 2022 டிசம்பர், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயல். பட்டியல் சாதியினர் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது. குழந்தைகள் நோயில் விழுந்த பிறகுதான் தெரிந்தது. விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியர் அந்த ஊர் டீக்கடையில், அவர்களுக்கென்று தனிக் குவளை வைக்கும் இரட்டைக் குவளை முறையைக் கண்டார். கோயிலுக்குள் அவர்கள் விடப்படுவதில்லை என்பதையும் அறிந்தார். பிறகு குற்றப்பத்திரிகை பாதிக்கப்பட்ட அந்த மக்களில் மூவர் மீதே வந்தது. ஊரார் அதை ஏற்கவில்லை. வழக்கு எப்படியும் போகட்டும். அந்த இரண்டாவது குவளையை யார் வைத்தது? எத்தனை பேர் அதைப் பார்த்துக்கொண்டே தங்கள் டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள்?

தலைவர்கள் சரியில்லை என்பீர்கள். சரி, 1915இல் வந்தவர் சரியாகத்தானே கேட்டார்? நீங்கள் படித்தவர், சாதி பார்க்காதவர். அப்படியானால் உங்கள் மகள் விரும்பிய பையனின் சாதியை ஏன் விசாரித்தீர்கள்? ‘எனக்கு ஒன்றுமில்லை, சொந்தக்காரர்கள்தான் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்’ என்றீர்களா? மாயவரத்தில் காந்தி முன்கூட்டியே நிராகரித்த சாக்கு இதுதான். நூறாண்டு தாண்டியும் அதையே சொல்கிறோம். ஒவ்வொருவரும் தன்னைத் தவிர மற்றவர் மீது பழியைப் போட்டால், சாதியை நடத்துவது யார்? ஆகாயத்திலிருந்து யாரும் இறங்கி வந்து இரண்டாவது குவளையைக் கழுவி வைப்பதில்லை.

ஆண்டுதோறும் மே 1 அன்று நம் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. வாக்காளராக இருந்தால் போதும், எழுந்து கேட்கலாம். குடிநீர்க் குழாய் எந்தத் தெருவோடு நிற்கிறது? சுடுகாட்டுப் பாதை யாருக்கு மறிக்கப்படுகிறது? ஊரில் பஞ்சமி நிலம் எவ்வளவு, யார் உழுகிறார்கள்? காலனியிலிருந்து ஒருவர் எழுந்து இதைக் கேட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஊர்த்தெருவிலிருந்து நீங்கள் எழுந்து கேளுங்கள்.