நீதி செய்தார்க்கும் கழுவாய் வேண்டுமோ?

அறநெறி பிழையாது ஒருவன் செய்த செயலாற் பிறர்க்குத் துன்பம் விளையுமாயின், அத்துன்பம் செய்தவனைப் பற்றுமோ, பற்றாதோ என்பது ஆராயத்தக்க வினாவாகும். ஆசிரியத் தொழில் பூண்ட நமக்கு இஃது ஏட்டளவில் நிற்பதன்று. வகுப்பறையில் நாடோறும் எதிர்ப்படுவது.

சென்ற ஆண்டு மாணாக்கர் சிலரோடு எம்பிலிப்பிட்டியவிலிருந்து இரவிற் புறப்பட்டு, பெல்மதுளை, இரத்தினபுரி வழியாகச் சென்று, மறுநாட் காலை சிலாபத்தை அடுத்த முன்னேச்சரத்தை அடைந்தோம். அவருட் பலர் இறக்குவானைப் பக்கத்துத் தோட்டங்களிற் கொழுந்து பறிப்போர் பிள்ளைகள். முன்னைநாதரையும் வடிவாம்பிகையையும் வழிபட்டபின், மண்டபத்தொரு புறத்திருந்து தலவரலாற்றைக் கூறினோம். இராவணனை வதைத்துப் புட்பக விமானத்தில் மீண்ட இராமபிரானைப் பிரமகத்தி தொடர்ந்தது; முன்னேச்சரத்தின் மேல் வருங்கால் அது தொடராது நீங்கி நின்றது; அவர் இறங்கிச் சிவபெருமானை வழிபட்டு, அப்பெருமான் பணித்தவாறே தெதுறு ஓயாக் கரையிலுள்ள மாணாவரியிலும், திருக்கோணேச்சரம், திருக்கேதீச்சரம், இராமேச்சரம் என்னுந் தலங்களிலும் இலிங்கம் தாபித்துப் பூசித்துப் பழி முற்றும் நீங்கினார் என்பது அவ்வரலாறு.

கேட்டிருந்த மாணாக்கன் ஒருவன் எழுந்து, "ஐயா, பிறன் மனைவியைக் கவர்ந்தவன் இராவணன். அவனைக் கொன்றது நீதியே. அங்ஙனமாயின் பழி வந்தது எவ்வாறு?" என்றான். உடன் விடைகூற இயலாது சிறிது நேரம் வாளாவிருந்தோம்.

இராவணன் புலத்தியர் மரபில் வந்த அந்தணன். ஆதலிற் பழி வந்தது என்பர் சிலர். இவ்விடை சொல்லளவிற் பொருந்துமாயினும், பிறப்பு நோக்கிப் பழியை அளத்தல் அம்மாணாக்கனுக்கும் நிறைவு தாராது, நமக்கும் தாராது. இராமபிரான் சிவபூசை செய்தமையையே பற்றிக்கொண்டு வைணவரோடு வாதிடுவாரும் உளர். அதுவும் வினாவுக்கு விடையன்று.

இராவணன் தீயன் மட்டுமல்லன். கயிலையை எடுக்கலுற்று விரலால் ஊன்றப்பட்டு, பின்னர்ச் சாமகீதம் பாடி அருள்பெற்றவன். திருஞானசம்பந்த சுவாமிகள் பெரும்பாலான பதிகங்களின் எட்டாந் திருப்பாட்டில் அவனை நினைவுகூர்கின்றார். இத்தகைய ஒருவன் ஆணவ மிகுதியாற் கெட்டழிந்தான். அவன் அழிவு வேண்டப்பட்டதே. ஆயினும் அவனோடு அழிந்த கல்வியும் பத்தியும் இழப்பேயாம். நீதி இவ்விழப்பை இல்லையாக்கமாட்டாது. செய்தவன் அதனைக் காணவேண்டும். அங்ஙனம் காண்டலையே பிரமகத்தி தொடர்ந்ததாகப் புராணம் உணர்த்திற்று என்பது நம் கருத்து.

கொடியோரை ஒறுத்தலைக் களையெடுத்தலோடு ஒப்பிட்டார் திருவள்ளுவர். களை பறித்தல் உழவனுக்குக் கடமை. ஆனால், பறித்த கையில் மண் ஒட்டும். கை கழுவாது உணவுகொள்ளும் உழவன் இல்லை. நல்வினையும் உயிரைப் பிணிக்கும் என்பது சைவசித்தாந்தத் துணிபு. 'நான் செய்தேன், நன்றே செய்தேன்' என்னுஞ் செருக்கே அப்பிணிப்பு. அதனை இறைவன்பால் ஒப்புவித்தலே கழுவாய்.

கழுவாய் வேண்டாதார் செயலையும் அத்தலமே காட்டும். 1578ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் முன்னேச்சரக் கோயிலை இடித்தனர். இறைவனுக்கு உவப்பான செயலையே செய்கின்றோம் என்று அவர் நம்பியிருத்தல் கூடும். அந்நம்பிக்கை முற்றியிருந்தமையால் இடிந்ததை நோக்கி அவர் வருந்தினாரல்லர். கோயில் மீளக் கட்டப்பெற்று, 1753ஆம் ஆண்டில் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்க மன்னன் காலத்திற் குடமுழுக்குக் கண்டது. இதனை ஒரு மதத்தார் குற்றமாக நாம் கூறவில்லை. நாம் மிஷன் பாடசாலையிற் கற்றவர். ஒவ்வோரிரவும் அன்றைய செயலை ஆராய்ந்து துயிலுமாறு முதலில் நமக்குச் சொன்னவர் ஒரு கிறித்தவ ஆசிரியரே. தன் நீதியில் ஐயமுறாமை எம்மதத்தார்க்கும் வரும் நோய்.

நமக்கும் வந்தது. பல்லாண்டுகளுக்கு முன் நாம் கற்பித்த பாடசாலையிற் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் கலைமகள் விழாவுக்குச் சேர்த்த பணத்தைக் களவாடினான். களவு மெய், அவனும் ஒப்புக்கொண்டான். வகுப்பார் முன்னிலையில் அவனை நிறுத்திக் குற்றத்தை அவன் வாயாற் சொல்வித்தோம். மறுநாள் அவன் வந்திலன். பின்னர் ஒருபோதும் வந்திலன். அவன் குடியிருந்த லயத்துக்கு ஒருமுறை செல்ல எண்ணினோம். 'நாம் செய்தது நீதி. நாம் ஏன் செல்லவேண்டும்?' என்றது மனம். சென்றிலோம்.

முன்னேச்சரத்தினின்று மீண்ட வாரத்தில் அந்த லயத்துக்குச் சென்றோம். அவ்வறையில் வேறு குடும்பத்தார் இருந்தனர். அவன் வீட்டார் சென்றவிடம் அறிவார் ஒருவரும் இல்லை. வாயிலில் நின்று திரும்பினோம்.

ஆசிரிய அன்பர்களே! இராமபிரான் அயோத்தி சென்று முடிசூடியபின் கழுவாய் தேடினாரல்லர். வழியிலேயே இறங்கித் தேடினார். தண்டம் வேண்டுமிடத்துத் தண்டித்தலை நாம் தவிர்க்கவேண்டுமென்பதில்லை. தண்டித்த பிள்ளையின் வீட்டை அன்று பொழுது சாயுமுன் மிதித்தல் வேண்டும். அவன் மறுநாள் வகுப்பிற்கு வருமாறு அழைத்தல் வேண்டும். அவ்வளவே நாம் கண்ட விடை. வினவிய மாணாக்கனுக்கும் அதனையே கூறினோம்.

திருச்சிற்றம்பலம்.