குடும்பத்துக்காகத்தான் சார்!

'எல்லாம் குடும்பத்துக்காகத்தான் சார்!'

இந்த வாக்கியத்தை நீங்கள் எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள்? நீங்களே எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்? ஒரு கையெழுத்துக்கு ஐந்நூறு வாங்குகிறவர் இதைச் சொல்கிறார். பாலில் தண்ணீர் ஊற்றுகிறவர் சொல்கிறார். ராத்திரி பத்து மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு, பிள்ளைகள் தூங்கிய பிறகு வீட்டுக்குள் நுழைகிற மளிகைக் கடைக்காரரும் இதையேதான் சொல்கிறார். முதல் இரண்டு பேருக்கு இது சாக்கு. மூன்றாமவருக்கு இது சத்தியம். ஆனால், வார்த்தை ஒன்றுதான்!

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. ஊருக்காக ஓடி ஓடி உழைப்பார்கள். வீட்டுப் பானையில் அரிசி இருக்கிறதா என்பது மட்டும் தெரியாது. 'அவரு ஊருக்குத்தான் நல்லவரு' என்று வீட்டம்மா பெருமூச்சு விடுவார்.

அப்படியானால் குடும்பமா, ஊரா? ஒன்றைப் பிடித்தால் இன்னொன்றை விட்டுத்தான் ஆக வேண்டுமா?

இதற்குப் பதில் தேட, தேனி மாவட்டத்துச் சின்னமனூர் வரை என்னோடு வாருங்கள். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் வயல்கள், வாழை, தென்னை, தள்ளி நின்று பார்க்கும் மேகமலை. இந்தப் பகுதியில் எந்தக் கிராமத்துத் திண்ணையிலும், கண்ணில் புரை விழுந்த ஒரு பாட்டியைப் பார்க்கலாம். 'ஆஸ்பத்திரிக்குப் போகலையா அப்பத்தா?' என்று கேட்டுப் பாருங்கள். 'வயசாகிப்போச்சு, இனி பாத்து என்ன பண்ணப்போறேன்? மருமக வேலைக்குப் போகணும். என்னைய யாரு கூட்டிட்டுப் போறது?' என்று பதில் வரும்.

கவனித்தீர்களா? இங்கேயும் குடும்பத்துக்காகத்தான்! பஸ் காசு, துணைக்கு வருகிறவரின் ஒரு நாள் கூலி... கணக்குப் போட்டு, அந்தப் பாட்டி தன் பார்வையையே விட்டுக்கொடுக்கிறார்.

இது வெறும் கற்பனை இல்லை. மதுரை வட்டாரக் கிராமங்களில் நடத்தி, 1999-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கண் பிரச்னை உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவுக்குத்தான் கண் சிகிச்சை முகாமுக்கே வந்திருந்தார்கள். முகாம் இலவசம்தான். ஆனால், போய் வருவது இலவசம் இல்லையே!

'அவர்கள் வராவிட்டால் நாம் போவோம்' என்று முடிவெடுத்தது அரவிந்த் கண் மருத்துவமனை. 2000-களின் நடுவில், தேனியிலுள்ள அதன் கிளையைச் சுற்றி சின்னமனூர் உட்படச் சில ஊர்களில் சின்னச் சின்னக் கண் பரிசோதனை மையங்கள் திறந்தார்கள். அங்கே டாக்டர் உட்கார்ந்திருக்க மாட்டார். பயிற்சி பெற்ற பெண்கள் கண்ணைச் சோதிப்பார்கள். தேனியில் இருக்கும் டாக்டர் கம்ப்யூட்டர் திரை வழியே நோயாளியோடு பேசுவார். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள், நெடுந்தூர வை-ஃபை இணைப்பை அமைத்துக் கொடுத்தார்கள். கண்ணாடியோ சொட்டு மருந்தோ போதும் என்றால், வந்த வேலை அங்கேயே முடிந்துவிடும். ஆபரேஷன் தேவைப்படுகிறவர் மட்டும் தேனிக்குப் போனால் போதும்.

இதற்கெல்லாம் வேர் எங்கே இருக்கிறது தெரியுமா? ஒரு குடும்பத்தில்!

எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் 1918-ல் ஒரு விவசாயக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் கோவிந்தப்பா வெங்கடசாமி. உறவுப் பெண்கள் சிலர் பிரசவத்தில் இறந்துபோனதைப் பார்த்து, பிரசவ டாக்டர் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டார். 1944-ல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். ராணுவத்தில் டாக்டராகச் சேர்ந்தார். அங்கேதான் முடக்குவாதம் வந்து மூட்டுமூட்டாகப் பிடித்தது. மாதக் கணக்கில் படுக்கை. விரல்கள் நிரந்தரமாகக் கோணிப்போயின. பிரசவம் பார்க்கும் கனவு அதோடு முடிந்தது.

இந்த இடத்தில் நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? அவர் கண் மருத்துவம் படித்தார். கோணல் விரலுக்குத் தோதாகக் கருவிகளை அமைத்துக்கொண்டு கத்தி பிடிக்கப் பழகினார். அந்த விரல்கள் தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் ஆபரேஷன்களைச் செய்தன!

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனாலும் அவரை நான் குடும்பஸ்தர் என்றே சொல்வேன். அப்பா காலமான பிறகு தம்பி தங்கைகளுக்கு அப்பா ஸ்தானத்தில் நின்றவர் அவர்தான். மதுரை அரசு மருத்துவமனையிலிருந்து ஓய்வு பெற்ற 1976-ல், மதுரை அண்ணாநகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கியபோது, அந்தத் தம்பி தங்கைகள்தான் துணை நின்றார்கள். வீடு அடமானத்துக்குப் போனது. நகைகளும் போயின. தங்கை நாச்சியாரும் அவர் கணவர் நம்பெருமாள்சாமியும் கண் டாக்டர்கள். தேனி மாவட்டத்தில் பிறந்த நம்பெருமாள்சாமி விழித்திரை மருத்துவத்தில் பெயர் பெற்றவர். தனியாகக் கிளினிக் போட்டிருந்தால் இருவரும் வசதியாக வாழ்ந்திருக்கலாம். அண்ணனோடு நின்றார்கள்.

இங்கேதான் ஒரு சங்கடமான கேள்வி வருகிறது. தான் தியாகம் செய்வது சரி. கூடப்பிறந்தவர்களையும் அதில் இழுத்துவிட ஒருவருக்கு உரிமை உண்டா? விடியற்காலை முதல் ராத்திரி வரை ஆபரேஷன் தியேட்டரில் நிற்கும் தாய், தன் குழந்தைக்கு எத்தனை வேளை சோறு ஊட்டியிருக்க முடியும்? இந்தக் கேள்வியை மழுப்பக் கூடாது. விலை இருந்தது. அதை அந்தக் குடும்பம்தான் கொடுத்தது.

ஆனால், இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, தான் சுமக்காத பாரத்தை அவர் தம்பி தங்கை தலையில் ஏற்றவில்லை. முதலில் குனிந்த முதுகு அவருடையது. இரண்டாவது, மருத்துவமனை ஓர் அறக்கட்டளைக்குச் சொந்தம். அண்ணனுக்கு இத்தனை பங்கு, தங்கைக்கு இத்தனை பங்கு என்று பிரிக்க அங்கே எதுவும் இல்லை. வாரிசுகளுக்குக் கிடைத்தது வேலை மட்டும்தான். அப்படியும் மூன்று தலைமுறையாக அந்த வீட்டுப் பிள்ளைகள் அங்கே உழைக்கிறார்கள்.

'தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்' என்று ஒரு பழமொழி. நாம் அதை வசதியாகப் பாதியில் நிறுத்திவிடுகிறோம். 'தனக்கு' என்பது எங்கே முடிகிறது என்று கேட்பதே இல்லை. இன்னொரு மனை, இன்னொரு கார் என்று அது நீண்டுகொண்டே போகிறது. மிச்சம் என்றைக்கு வரும்? வெங்கடசாமி ஒரு கோடு போட்டார். பணம் கொடுக்க முடிந்தவர் கொடுக்கட்டும், அதில் மிஞ்சுவது கொடுக்க முடியாதவரின் கண்ணுக்கு. மருத்துவமனை அப்படித்தான் வளர்ந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த கண் லென்ஸ் ஏழைக்கு எட்டவில்லை என்றதும், 1992-ல் ஆரோலேப் என்ற பெயரில் சொந்தமாகவே தயாரிக்க ஆரம்பித்து, விலையைச் சுமார் பத்தில் ஒரு பங்காக இறக்கினார்கள்.

2006 ஜூலை 7 அன்று அவர் காலமானார்.

ஆக, குடும்பமா ஊரா என்ற கேள்வியே தப்போ என்று எனக்குத் தோன்றுகிறது. குடும்பம் ஒரு வேலியாகவும் இருக்கலாம், வாய்க்காலாகவும் இருக்கலாம். வேலி உள்ளே இருப்பதைக் காக்கும். அதுவும் வேண்டியதுதான். வாய்க்கால் தன் கரையையும் நனைத்துக்கொண்டு, அடுத்த வயலுக்கும் தண்ணீரைக் கொண்டுபோகும்.

நீங்கள் மருத்துவமனை கட்ட வேண்டாம். நகையை அடகு வைக்க வேண்டாம். உங்கள் வீட்டுத் திண்ணையிலோ பக்கத்து வீட்டுத் திண்ணையிலோ, சோற்றுத் தட்டைக் கையால் தடவித் தேடுகிற ஒரு பெரியவர் இருப்பார். அவரும் ஏதோ ஒரு குடும்பம்தான். ஒரு நாள் லீவு போட்டு, அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

'ஏன் லீவு?' என்று ஆபீஸில் கேட்டால், தைரியமாகச் சொல்லுங்கள்: 'குடும்பத்துக்காகத்தான் சார்!'