நலம் கேட்பதும் இரகசியம் காப்பதும்

நோயாளியிடம் அடிக்கடி நலம் விசாரிப்பது பரிவா, அவர் இரகசியத்தில் தலையிடுவதா?

கென்யாவில் 2007 முதல் 2009 வரை, மாடு மேய்த்து இடம்பெயரும் மாசாய் மக்கள் வாழும் கஜியாடோ உட்பட மூன்று மருத்துவ நிலையங்களில், எச்.ஐ.வி. நோயாளருக்கு வாரந்தோறும் கைப்பேசியில் ஒரே கேள்வி அனுப்பினர்: "மம்போ?" சுவாஹிலியில், எப்படியிருக்கிறீர் என்று பொருள். "சாவா" என்றால் நலம்; "ஷிடா" என்றால் தொல்லை. தொல்லை என்றோரையும், பதில் தராதோரையும் மருத்துவ ஊழியர் அழைத்துப் பேசினர். மருந்தைத் தவறாது உண்டதாகக் கூறியோர் 100க்கு 62 பேர்; கேள்வி பெறாதோரில் 50 பேர்.

அக்கேள்வியில் நோயின் பெயரே இல்லை, அன்பர்களே! பிறர் படித்தாலும் வெறும் குசலம்தான். கடன்காரர் கணக்கைச் சந்தையில் படித்துக் காட்டாத வணிகர் நாம். பரிவு என்பதும் அப்படியே: விடாமல் கேட்க வேண்டும், வெளியே சொல்லலாகாது.