அடைத்து வைத்தவனின் கடன்

ஒரு வீட்டை நினைத்துக் கொள்வோம். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. அதில் ஐந்து பேர். பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் பிடிவாதம் பிடித்ததால் தகப்பனார் இரண்டு கினிப்பன்றிக் குட்டிகளை வாங்கி வந்தார். கூண்டையும் கடைக்காரரே கொடுத்தார். நீளம் இரண்டடி, அகலம் ஒன்றரை அடி. முதல் வாரம் வீடெல்லாம் கொண்டாட்டம். மூன்றாம் மாதம் இளைய மகள் கேட்டாள்: "ஏனப்பா, இது ரெண்டும் எப்போதும் மூலையிலேயே உட்கார்ந்திருக்கு?" தகப்பனார் சொன்னார்: "நமக்கே இடமில்லை, கண்ணு. இதுகளுக்கு எங்கே போறது?"

அவர் சொன்னது பொய்யல்ல. சிறு வீட்டின் நெருக்கடி அதில் குடியிருப்பவருக்குத்தான் தெரியும். ஆயினும் அது சரியான பதில்தானா? கூண்டுப் பிராணிக்குப் போதிய இடம் கொடுப்பது முடிந்தால் செய்கிற தயவா, அல்லது செய்தே தீரவேண்டிய கடனா? சற்று யோசித்துப் பார்ப்போம்.

கினிப்பன்றி, பன்றியும் அல்ல. கினி நாட்டுப் பிராணியும் அல்ல. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பிரதேசத்து மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பழக்கிய கொறிக்கும் பிராணி அது. 16-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. வளர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ எடை இருக்கும். ஐந்து முதல் எட்டு ஆண்டு வரை உயிர் வாழும். எலியைப்போல் கம்பியில் தொற்றி ஏறாது. அணிலைப்போல் கிளைக்குக் கிளை தாவாது. தரையில் ஓடித் திரிவதே அதன் வாழ்வு. ஆகையால் கூண்டு உயரமாயிருந்து பயனில்லை. தரை விசாலமாயிருக்க வேண்டும். இரண்டுக்குக் குறைந்தது ஏழரை சதுர அடித் தரை வேண்டும், பத்து இருந்தால் இன்னும் நல்லது என்பது அமெரிக்கப் பிராணி நலச் சங்கத்தாரின் கணக்கு. நாம் சொன்ன கூண்டோ மூன்றே சதுர அடி. அதில் ஓட முடியாமல் உடல் கொழுக்கும். ஈரத்திலும் அசுத்தத்திலும் நின்று பாதம் புண்ணாகும். ஒதுங்க இடமின்றி ஒன்றையொன்று கடிக்கும். மூலையில் உட்கார்ந்திருப்பது சாதுவான குணத்தால் மட்டும் அல்ல.

நிற்க. தெருநாய்க்கு ஒரு வாசலில் சோறு கிடைக்காவிட்டால் அடுத்த வாசலுக்குப் போகும். காக்கைக்கு ஒரு மரம் இல்லாவிட்டால் மறு மரம். கூண்டிலிருப்பதற்கோ நாம் கொடுப்பது மட்டுமே உண்டு. இன்னொரு சங்கதியும் கேளுங்கள். மனிதரைப்போலவே இந்தப் பிராணியின் உடலும் வைட்டமின் 'சி'யைத் தானே உண்டாக்கிக் கொள்ளாது. பச்சைத் தழையும் காய்கறியும் இல்லாமல் தானியத்தை மட்டும் தின்றால், கப்பலோட்டிகளைப் பிடித்த ஸ்கர்வி நோய் இதையும் பிடிக்கும். நார்வே நாட்டு ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இரு அறிஞர் 1907-ல் இதைக் கண்டு சொன்னார்கள். காட்டிலிருந்தால் புல்லைத் தானே தேடிக் கொள்ளும். கம்பிக்குள்ளே எங்கே தேடும்?

ஆக, அது தனக்காகச் செய்துகொள்ளக் கூடியதையெல்லாம் நாம் பறித்துக்கொண்டோம். பறித்தவன் ஈடு செய்யவேண்டும் அல்லவா? வழியில் கண்ட பிராணிக்கு ஒரு பிடி உணவு போடுவது தயவு. நாமே அடைத்து வைத்த பிராணிக்கு ஓட இடம் கொடுப்பது நீதி. தயவை நாளைக்கு என்று தள்ளி வைக்கலாம். கடனைத் தள்ளி வைக்கலாகாது.

பிராணிகளுக்கு நாம் நேரே கடன்பட்டவர்கள் அல்ல என்றே 13-ம் நூற்றாண்டில் அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் கருதினார். ஆனால் பிராணியிடம் கொடுமை பழகினவன் மனிதரிடமும் கொடியவனாவான் என்று அவரே எச்சரித்தார். அவருடைய நியாயப்படி பார்த்தாலும் தகப்பனாரின் பதில் தேறவில்லை. அந்த மகள் அன்று என்ன கற்றுக்கொண்டாள்? நம் கைக்குள் அடங்கியது, வாய் திறந்து கேட்கமாட்டாதது; அதற்கு மிச்சம் மீதிதான் என்று கற்றுக்கொண்டாள். நாளைக்கு அதே வீட்டில் பாட்டியார் படுத்த படுக்கையாகிவிட்டால், கட்டில் எந்த மூலைக்குப் போகும் என்பது இன்றே தீர்மானமாகிறது.

"மனிதரே நெருக்கத்தில் வாடும்போது எலி ஜாதிக்கு மாளிகையா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மனிதனுக்கு உரியதைப் பிடுங்கிப் பிராணிக்குக் கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் ஆண்டிஸ் மலைக் குடியானவர்களைப் பாருங்கள். அவர்கள் இதை உணவுக்காகவே வளர்ப்பவர்கள், வீடுகளும் சிறியவை. இருந்தும் வழிவழியாகச் சமையலறைத் தரையிலேயே இவற்றை ஓடவிட்டு வளர்த்து வந்திருக்கிறார்கள். அடித்துத் தின்பவர் கொடுத்த இடத்தைக் கொஞ்சி வளர்ப்பவர் கொடுக்கக் கூடாதா?

சிறு வீட்டிலும் வழி உண்டு. மேஜைக்கடியில் சும்மா கிடக்கும் தரையைச் சுற்றி ஒன்றேகால் அடி உயரத்தில் கம்பி வலை அடைத்தால் போதும். மேலே மேஜை மேஜையாகவே இருக்கும். அடியில் வழவழப்பான விரிப்பும் அதன்மேல் வைக்கோலும் போடலாம். மாலையில் கதவைச் சாத்தி, மின்சார ஒயர்களை அப்புறப்படுத்தி, ஒரு மணி நேரம் அறையில் ஓடவிடலாம். மொட்டை மாடியில் இடம் இருக்கிறதே என்று அங்கே கொண்டுபோய் வைக்கவேண்டாம். வெயில் இவற்றைக் கொன்றுவிடும். இடத்தை மிச்சப்படுத்த ஒன்றை மட்டும் வளர்ப்பதும் வழியல்ல. கூட்டமாய் வாழும் பிராணி இது. ஸ்விட்ஜர்லாந்தில் 2008-ல் வந்த விதிகளின்படி ஒற்றைக் கினிப்பன்றியை வளர்ப்பதே கூடாது. ஆணையும் பெண்ணையும் சேர்த்து வைத்தாலோ சில மாதங்களில் இரண்டு ஆறாகி, இருக்கும் இடமும் போதாமற் போகும்.

இவ்வளவுக்கும் இடமே இல்லையென்றால், வாங்காமலிருப்பதே நேர்மை. வாங்கியாகிவிட்டதென்றால், இடமுள்ள வீட்டாரிடம் ஒப்படைப்பதில் வெட்கமில்லை.

ஆனால் அதற்கு முன் வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்ப்போம். ஆண்டுக்கொருமுறை திறக்கும் டிரங்குப் பெட்டி கூடத்தில் நாலடி நீளத்துக்குக் கிடக்கிறது. அதைப் பரணில் ஏற்றினால் அந்த இரண்டு உயிருக்கும் ஓட இடம் கிடைக்கும். மகளையும் கூப்பிட்டு, பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள்.