அரும்பும் மலரும்

ஒரு வகுப்பிலுள்ள சிறார் அனைவர்க்கும் ஒரே பாடத்தை ஒரே நாளிற் கற்பித்தல் நடுவுநிலைமை ஆகுமோ என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

பெருந்தொற்றுக் காரணமாக 2020ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுப் பள்ளிகள் மூடப்பட்டன. அவை மீண்டும் திறந்த ஞான்று, வயதால் ஒத்த சிறார் எழுத்தறிவால் ஒவ்வாராயினர். அதனை நோக்கி, 2022ஆம் ஆண்டில் அரசு 'எண்ணும் எழுத்தும்' என்னுந் திட்டத்தை முதல் மூன்று வகுப்புக்களில் தொடங்கியது. அதன்கண் மாணாக்கர் தத்தம் கற்றல்நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என மூவகைப்படுவர். எழுத்தறியத் தொடங்குவானும் பாடம் படிக்க வல்லானும் ஓரறையில் இருப்பினும், அவர்தம் பயிற்சி வேறுவேறாம்.

நிலை நோக்கிக் கற்பித்தல் இந்நாட்டிற்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளியில் ஒருவன் மணலில் அகரம் வரைய, வேறொருவன் ஓலையில் எழுதுவான்; சட்டாம்பிள்ளை இளையோர்க்குச் சொல்லிக் கொடுப்பான். 1789ஆம் ஆண்டிற் சென்னையில் ஆதரவற்ற சிறார் பள்ளியொன்றை மேற்கொண்ட ஆண்டுரு பெல் என்பார், நாட்டுச் சிறார் மணலில் எழுதிக் கற்றலைக் கண்டு அதனைத் தம் பள்ளியிற் கைக்கொண்டார். மாணாக்கரைக்கொண்டே மாணாக்கரைக் கற்பிக்கும் தம் முறையை 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார்.

அற்றேல், ஒரு குழந்தையை 'அரும்பு' எனப் பிரித்தல் தாழ்த்துதல் ஆகாதோ எனின், கூறுதும். அரும்பைக் குறைபட்ட மலரென்பார் யாருமிலர். பெயரிலில்லாத இழிவைச் சொல்வார் நாவே சேர்க்கின்றது. யாமும் ஆசிரியத் தொழிலில் இவ்விடத்துப் பிழைத்தோம். ழகரம் நாவில் வாராத ஒரு சிறுவனை மற்றையோர் முன் பன்முறை சொல்லச் செய்தோம்; வகுப்பு நகைத்தது; யாமும் நகைத்தோம். அன்று அவன் கற்ற பாடம் வாய் திறவாதிருத்தல் ஒன்றே. அவ்வாண்டு முழுதும் வினாவிய பொழுதெல்லாம் தலைகுனிந்து நின்றான். இதனை நினையுந்தோறும் நெஞ்சு சுடுகின்றது.

பக்குவம் நோக்கிப் பொருளுரைத்தல் நம் சைவ மரபு. சரியையில் நிற்பானை ஞானம் எய்திலன் என்று இகழ்வாருண்டோ? அவ்வருளை ஐந்து வயதுச் சிறாற்கு மறுப்பது எற்றுக்கு?

எனினும் ஒன்று கருதற்பாலது. பிரித்தல் பின்னர்ச் சேர்த்தற்பொருட்டேயாம். ஆண்டிறுதியிலும் அரும்பு அரும்பாகவே நிற்குமாயின், ஆசிரியன் முதலில் ஆராய வேண்டுவது தன் நீர்பாய்ச்சலையே.

ஆதலின், அவரவர்க்கு வேண்டுவதை அவரவர்க்கு அளித்தலே வகுப்பறையின் நடுவுநிலைமையாம். எழுத்தைக் கற்கும் குழந்தை அதனோடு தன் மதிப்பையும் ஆசிரியன் முகத்திற் கற்கின்றது. முன்னதிற் பிழைநேரின் மறுநாள் திருத்தலாம். பின்னதிற் பிழைநேரின் திருத்தல் அரிதென்க.