சபைக்கு அப்பாலும் விசுவாசம்

திருச்சபை என்னும் ஸ்தாபனத்தில் சேராமலே கிறிஸ்துவைப் பின்பற்ற இயலுமா என்னும் வினாவிற்கு, ஜப்பானியப் பெரியார் உச்சிமுரா கான்சோ (1861–1930) தமது ஜீவியத்தையே விடையாக வைத்தார். 1891-இல் சக்கரவர்த்தியின் கல்விப் பிரகடனத்தின்முன் ஆழ்ந்து தலைவணங்கத் தயங்கியதால் ஆசிரியப் பதவியை இழந்த அவர், பின்னாளில், குருமாரையும் ஞானஸ்நானத்தையும் இன்றியமையாதனவாகக் கொள்ளாத சபையிலாக் கிறிஸ்தவத்தைத் தோற்றுவித்து, 1900 முதல் மரணபரியந்தம் வேதாகம ஆராய்ச்சிக்கென்றே மாத இதழொன்றை நடத்தினார். பலிபீடமற்ற வாடகை மண்டபங்களில், ஞாயிறுதோறும், விரித்த வேதாகமத்துடன் அமர்ந்து அவர் வியாக்கியானத்தைக் கேட்ட மாணாக்கர் கூட்டமே அவருக்குச் சபையாயிற்று.

ஸ்தாபனத்தைத் துறப்பவன் சகோதரரையும் துறப்பானாயின், அவனிடம் எஞ்சுவது அகங்காரமே. ஆதலால், ஆலயத்தை விட்டு விலக எண்ணும் அன்பர்களே, அயலானை விட்டு விலகாதீர்கள்.